வீட்டில் தோட்டா நிரப்ப முதல் பிரஸ்: எதை வாங்கலாம்?

சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி டப்பாவில் சேர்க்கத் தொடங்கியவர் எவரும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்: அவற்றை மறுபடி நிரப்ப எந்த வகை பிரஸ் (பிடியை இழுத்து அழுத்தும் கருவி) வாங்குவது, சிங்கிள் ஸ்டேஜா, டரட்டா, புரோகிரசிவா? விசாரித்தால் ஆளுக்கொரு பதில். "எடுத்தவுடன் நல்ல புரோகிரசிவ் வாங்கிவிடு, இல்லாவிட்டால் இரண்டு தடவை செலவழிப்பாய்" என்பார் ஒருவர். "முதலில் ஒவ்வொன்றாகச் செய்து பழகு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் தங்கள் தேவைக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சுடுவதும் நீங்கள் சுடுவதும் ஒன்றாக இருப்பதில்லை, சிக்கல் அங்கேதான்.

கருவிக்குப் போகும் முன் ஒரு விஷயம். சில நாடுகளில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பத் தனி அனுமதி தேவையில்லை. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் செய்தால் அது குற்றம். வெடிமருந்துப் பவுடரும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இந்தக் கட்டுரை, அனுமதி உள்ளவர்கள் எந்தக் கருவியை வாங்குவது என்பதைப் பற்றியது மட்டும்.

எதை வைத்து எடைபோடுவது

எந்த பிரஸ்ஸாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். பழைய பிரைமரைத் தள்ளி, விரிந்துபோன கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பொருத்தி, பவுடர் போட்டு, குழலிலிருந்து பாய்ந்து போகும் முனையான புல்லட்டைக் கூட்டின் வாயில் அமர்த்த வேண்டும். கருவிக்குக் கருவி மாறுவது, இந்த வேலைகளில் எத்தனை ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது. அதை வைத்துத்தான் கீழே உள்ள கேள்விகள்.

முதல் கேள்வி, மாதம் எவ்வளவு சுடுகிறீர்கள்? "இனிமேல் சுடப்போகிறேன்" என்கிற கணக்கு வேண்டாம், கடந்த ஆண்டு உண்மையில் சுட்டதைச் சொல்லுங்கள். மாதம் ஐம்பது சுடும் வேட்டைக்காரருக்கும், வாரம் முந்நூறு சுடும் பிஸ்டல் போட்டியாளருக்கும் ஒரே கருவி பொருந்தாது.

இரண்டாவது, எத்தனை வகைத் தோட்டா? 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டா ஒன்றுதான் என்றால் கணக்கு வேறு. அதோடு .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டா, .223, .308 ரைபிள் தோட்டா என்று நாலு வகை இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரமும் பணமும் பெரிய விஷயமாகிவிடும்.

மூன்றாவது, தவறு நடந்தால் எங்கே கண்ணில் படும்? எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். இந்த வேலையில் பயப்பட வேண்டிய தவறுகள் இரண்டு. ஒன்று, ஒரே கூட்டில் இரண்டு முறை பவுடர் விழுவது. .38 ஸ்பெஷல் போன்ற தோட்டாவின் கூடு பெரியது, அதற்குப் போடும் பவுடரோ கொஞ்சம். இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. இன்னொன்று, பவுடரே விழாமல் போவது. அப்போது பிரைமரின் சக்தி மட்டும் புல்லட்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். சத்தம் வித்தியாசமாக இருந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி போகும், கையும் போகலாம். ஒரு பிரஸ் எவ்வளவு வேகமானது என்று கேட்கும் முன், இந்த இரண்டையும் பிடிக்க அது எத்தனை வாய்ப்பு தருகிறது என்று கேளுங்கள்.

அப்புறம் இடமும் மேசையும். கடைசியாக மொத்தச் செலவு. பிரஸ்ஸின் விலைச்சீட்டு மொத்தச் செலவு ஆகாது.

கையடக்கக் கருவி

லீ நிறுவனத்தின் கிளாசிக் லோடர் இதற்கு நல்ல உதாரணம். பாக்கெட்டில் அடங்கும் ஒரு பெட்டி, கூடவே ஒரு மரச்சுத்தி. பிரஸ் கிடையாது, மேசையில் எதையும் பூட்ட வேண்டாம். தட்டித் தட்டியே எல்லா வேலையும் நடக்கும். அளவு கரண்டி ஒன்றும் உள்ளேயே இருக்கும். இவ்வளவு மலிவாக இந்த வேலைக்குள் நுழைய வேறு வழி இல்லை.

குறையும் தெளிவானது. ரைபிள் கூடுகளில் இது கழுத்துப் பகுதியை மட்டும்தான் சுருக்குகிறது. அதனால் அந்தக் கூடு, முன்பு எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டதோ அதில்தான் நம்பிப் போட முடியும். செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) இதை நம்பக் கூடாது. பிரைமரைச் சுத்தியால் தட்டிப் பொருத்துவதும் எல்லோருக்கும் ஒத்துவராது. சில சமயம் அது அங்கேயே வெடிக்கும். கண்ணாடி போடாமல் இதைத் தொடாதீர்கள்.

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு முறையும் பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, ஒரு சீசனுக்குச் சில டஜன் தோட்டா மட்டும் தேவைப்படுகிறவருக்கு இது போதும். மற்றவர்களுக்குச் சீக்கிரமே அலுத்துப்போகும். இதற்கும் அடுத்த படிக்கும் நடுவே கையில் பிடித்து அழுத்தும் பிரஸ் ஒன்று உண்டு. வழக்கமான டைகளை (கூட்டைச் சுருக்கவும் புல்லட்டை அமர்த்தவும் பிரஸ்ஸில் திருகும் அச்சுகளை) அதில் மாட்டலாம் என்பதால், பின்னால் பெரிய பிரஸ் வாங்கினாலும் டை வீணாகாது. பெரிய ரைபிள் கூடுகளைச் சுருக்கத்தான் கை வலிக்கும்.

சிங்கிள் ஸ்டேஜ்

ஒரு நேரத்தில் ஒரு டை. ஐம்பது கூடுகளுக்கும் முதல் வேலையை முடித்து, டையை மாற்றி, ஐம்பதுக்கும் இரண்டாம் வேலை. இப்படிக் கட்டுக்கட்டாகப் போகும். மணிக்கு ஐம்பதிலிருந்து நூறுக்குள் முடிந்தால் நல்ல வேகம். ஆர்சிபிஎஸ்ஸின் ராக் சக்கர் பல ஆண்டுகளாக விற்பனையில் இருப்பது. லீ, ரெடிங், ஹார்னடி என்று மற்றவர்களும் செய்கிறார்கள்.

மெதுவாக இருப்பதே இதன் பாதுகாப்பு. பவுடர் போட்ட ஐம்பது கூடுகளும் புல்லட் வைக்கும் முன் துளையிட்ட மரக்கட்டையில் வரிசையாக நிற்கும். மேலே டார்ச் அடித்துப் பார்த்தால், இரட்டிப்பாக ஏறியதும் காலியானதும் பளிச்சென்று தெரியும். தினமும் கிடைக்கும் இந்தச் சோதனைக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். வேறு எந்த பிரஸ்ஸிலும் இது இவ்வளவு இயல்பாக வருவதில்லை.

டையின் மரை பெரும்பாலும் ஒரே அளவு, எட்டில் ஏழு அங்குலத்தில் அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒரு நிறுவனத்தின் டையை இன்னொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் மாட்டலாம். தோட்டா வகை மாற்ற டை செட்டும், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் போதும்.

வாங்கும்போது வார்ப்பிரும்பா, அலுமினியமா என்று பார்ப்பார்கள். பிஸ்டல் தோட்டா மட்டும் என்றால் அலுமினியம் தாராளமாகப் போதும். .308 போன்ற ரைபிள் கூடுகளை முழு நீளமும் சுருக்குவதாக இருந்தால், நான்கு பக்கமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டகம் உள்ளதை எடுங்கள். முன்பக்கம் திறந்த சட்டகம் கைக்கு வசதியானது, ஆனால் அதிக விசையில் கொஞ்சம் விரிந்துகொடுக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுக்குப் பிடியை மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கூட்டை எடுத்து வைக்க வேண்டும். வாரம் இருநூறு வேண்டுமென்றால் ஒரு முழு மாலைப்பொழுது போய்விடும். ரைபிளில் துல்லியம் தேடுகிறவருக்கு இது குறையே கிடையாது. அவர் எப்படியும் ஒவ்வொரு பவுடரையும் நிறுத்துத்தான் போடுவார்.

பிறகு புரோகிரசிவ் வாங்கினாலும் இதைப் பெரும்பாலானவர்கள் விற்பதில்லை. தனியாக ஒரு பிரைமர் தள்ள, தவறாகப் போன புல்லட்டைப் பிடுங்க, புது டையைச் சோதிக்க என்று மேசை மூலையில் இதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். அதனால் "இரண்டு தடவை செலவழிப்பாய்" என்ற எச்சரிக்கை சிங்கிள் ஸ்டேஜுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

டரட்

சுழலும் தலையில் நான்கிலிருந்து எட்டு டை வரை மாட்டி வைக்கலாம். கூடு ஒரே இடத்தில் இருக்கும், டைகள்தான் அதன் மேல் சுற்றி வரும். நான்கு இழுப்பில் ஒரு தோட்டா முடிந்து வெளியே வரும். லீயின் நான்கு துளை கிளாசிக் டரட்டில் ஒவ்வொரு இழுப்புக்கும் தலை தானாகவே திரும்பும். ரெடிங்கின் ஏழு துளை டி-7ல் கையால் திருப்ப வேண்டும். வேகம் மணிக்கு நூறிலிருந்து இருநூறு வரை.

இதன் தனிச் சிறப்பு, வகை மாற்றுவதில் இருக்கும் சுலபம். லீ மாதிரியில் டைகளைப் பூட்டிய தலையை அப்படியே கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தலையை மாட்டலாம். ஒருமுறை சரிசெய்த டையை மறுபடி சரிசெய்ய வேண்டாம். தலை ஒன்றின் விலையும் அதிகமில்லை. மூன்று நான்கு வகை சுடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

தலை சுழல வேண்டும் என்பதால் அதில் ஒரு இழை அளவு ஆட்டம் இருக்கும். பிஸ்டலுக்கு அது பொருட்டே இல்லை. நீண்ட தூர ரைபிள் போட்டிக்காரர் முகம் சுளிப்பார். இன்னொன்று, மரக்கட்டை வரிசையில் டார்ச் அடிக்கும் வசதி இங்கே இல்லை. பவுடர் விழுந்ததும் ஒவ்வொரு கூட்டையும் குனிந்து பார்த்த பிறகுதான் புல்லட் வைக்க வேண்டும். கண் மட்டத்தில் ஒரு சிறு விளக்கைப் பொருத்தினால் அது பழக்கமாகிவிடும்.

தலையைத் தானாகத் திருப்பும் கம்பியை எடுத்துவிட்டால் லீ டரட் சிங்கிள் ஸ்டேஜ் போலவே வேலை செய்யும். முதல் சில மாதம் அப்படிப் பழகி, பிறகு கம்பியைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே பிரஸ்தான் வாங்க முடியும், பிஸ்டலும் சுடுவேன் ரைபிளும் சுடுவேன் என்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

புரோகிரசிவ்

இங்கே கூடுகள் ஒரு தட்டில் நின்று சுற்றும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு வேலை. தட்டு நிறைந்த பிறகு ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா. டில்லனின் 550 நான்கு நிலை கொண்டது, தட்டைக் கையால் திருப்ப வேண்டும். அதே நிறுவனத்தின் 750க்கு ஐந்து நிலை, தானாகத் திரும்பும். ஹார்னடியின் லாக் அண்ட் லோட் ஏபியும் ஐந்து நிலைதான். மணிக்கு முந்நூறு முதல் அறுநூறு வரை எட்டலாம். ஆனால் விளம்பரத்தில் வரும் வேகத்தில் பிரைமர் குழாயை நிரப்பும் நேரம், கூடு துடைக்கும் நேரம், சிக்கியதை எடுக்கும் நேரம் எதுவும் சேராது.

சிக்குவதுதான் இங்கே முக்கியமான விஷயம். எல்லாம் சரியாக ஓடும்போது புரோகிரசிவ் பாதுகாப்பானதுதான். பிரைமர் ஒன்று சாய்ந்து நிற்கிறது, கூடு ஒன்று கோணலாக ஏறுகிறது, கை நிற்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பிடியை இழுக்கும்போது எந்தக் கூட்டில் பவுடர் விழுந்தது, எதில் விழவில்லை என்ற கணக்கு தவறுவது அந்த இடத்தில்தான். கையால் திருப்பும் தட்டில், திருப்ப மறந்து இரண்டாம் முறை இழுத்தால் இரட்டைப் பவுடர் விழும். இதற்கு ஒரே நல்ல வழி, தட்டில் இருக்கும் எல்லாக் கூட்டையும் எடுத்து, பவுடரைக் கொட்டி, முதலிலிருந்து தொடங்குவது. நாலு கூட்டுப் பவுடருக்குக் கஞ்சம் பார்க்காதீர்கள். ஐந்து நிலை உள்ளதில் பவுடர் மட்டத்தைச் சோதிக்கும் டை ஒன்றை இடையில் மாட்ட இடம் கிடைக்கிறது. எனக்கு அந்த ஐந்தாவது நிலைதான் அதிக விலைக்கான காரணம், வேகம் அல்ல.

செலவு விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பிரஸ்ஸின் விலையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு வாங்குவீர்கள். பிறகு இரண்டாவது வகைத் தோட்டாவுக்கு மாற்றுத் தட்டும் உறுப்புகளும், டைகளை நிரந்தரமாகப் பூட்டி வைக்க இன்னொரு தலை, அதற்குத் தனிப் பவுடர் அளவி, கூடுதல் பிரைமர் குழாய்கள், கூடு ஊட்டும் இயந்திரம் என்று வரிசையாக வரும். பிரஸ்ஸின் விலையில் பாதியோ அதற்கு மேலோ துணைச் சாமான்களுக்கே போனால் ஆச்சரியப்படாதீர்கள். டில்லனின் ஸ்கொயர் டீல் என்ற மாடலுக்கு அதற்கே உரிய டைகள்தான் பொருந்தும், பொது அளவு டை பொருந்தாது. அதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடுகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். .45 ஏசிபியில் பெரிய பிரைமர் கூடும் உண்டு, சின்ன பிரைமர் கூடும் உண்டு. கலந்து போட்டால் பிரஸ் நின்றுவிடும். ராணுவத் தயாரிப்புக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்த நசுக்கலை நீக்க இன்னொரு கருவி வேண்டும். சிங்கிள் ஸ்டேஜில் இதெல்லாம் கைக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். புரோகிரசிவ் ஓட்டத்தில் தெரிவதற்குள் வேலை கெட்டிருக்கும்.

ஒரே வகை, மாதம் ஐந்நூறுக்கு மேல், நடுவில் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்: இந்த மூன்றும் இருந்தால் புரோகிரசிவ் வாங்குங்கள்.

ஒரே பார்வையில்

| | கையடக்கம் | சிங்கிள் ஸ்டேஜ் | டரட் | புரோகிரசிவ் |
|---|---|---|---|---|
| மணிக்குத் தோராயமாக | சில டஜன் | 50–100 | 100–200 | 300–600 |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| வகை மாற்றும் செலவு | புதுப் பெட்டியே வேண்டும் | டை, ஷெல் ஹோல்டர் | டை, ஒரு தலை | டை, தட்டு, தலை, உறுப்புகள் |
| பவுடர் தவறு கண்ணில் படுமா | ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் | எளிதில், வரிசையாக | குனிந்து பார்த்தால் | சோதனை டை இருந்தால் நல்லது |
| மேசை | வேண்டாம் | உறுதியானது | உறுதியானது | சுவரோடு பூட்டிய மிக உறுதியானது |
| யாருக்கு | ஒரு போல்ட் ஆக்‌ஷன், குறைந்த தேவை | ரைபிள் துல்லியம், புதியவர் | பல வகை, மிதமான அளவு | ஒரே வகை, பெரிய அளவு |

தராசில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பிரஸ் பற்றி இரவெல்லாம் விவாதிக்கிறவர்கள் தராசைக் கடைசியில் மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மட்டமான பிரஸ்ஸில் நல்ல தோட்டா செய்யலாம், தவறான தராசை வைத்துச் செய்ய முடியாது.

பவுடரை கிரெயின் கணக்கில் அளப்பார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம், ஒரு கிராமில் சுமார் 15.4 கிரெயின். சில பிஸ்டல் தோட்டாக்களில் மொத்தப் பவுடரே நாலைந்து கிரெயின்தான். அரை கிரெயின் தவறினால் பத்து சதவீதம் போய்விடும். நகைத் தராசு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது 0.01 கிராம் வரை காட்டினால், அதன் ஒரு படி 0.15 கிரெயின். நமக்கு 0.1 கிரெயின் வேண்டும். போதாது. கிராம், கிரெயின் இரண்டையும் காட்டும் டிஜிட்டல் தராசில் பொத்தானைத் தவறி அழுத்துவதும் நடக்கும்; தொடங்கும் முன் திரையை ஒருமுறை பாருங்கள்.

டிஜிட்டலா, கோல் தராசா? கோல் தராசு மெதுவானது, ஆனால் மின்சாரம் வேண்டாம், வெப்பத்தால் எண் நகராது. டிஜிட்டல் வேகமானது; மின்விசிறிக் காற்றிலும், அருகில் இருக்கும் செல்போனாலும் எண் தடுமாறலாம், சூடேறச் சிறிது நேரமும் வேண்டும். எதை வாங்கினாலும் சோதனை எடைக்கற்கள் ஒரு செட் கூடவே வாங்குங்கள். விலை குறைவுதான், தராசு பொய் சொல்கிறதா என்று அதுதான் சொல்லும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெர்னியர் காலிப்பர் கட்டாயம். தோட்டாவின் மொத்த நீளம் கையேட்டில் உள்ளபடி இல்லாவிட்டால் அழுத்தம் மாறும். பிஸ்டலுக்குக் கார்பைடு டை வாங்கினால் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலை இல்லை. கழுத்து ஒடுங்கிய ரைபிள் கூட்டுக்கு உயவு தடவியே ஆக வேண்டும், இல்லையென்றால் கூடு டைக்குள் சிக்கி, அதை எடுக்க இன்னொரு கருவி வாங்குவீர்கள். ரைபிள் கூடு பலமுறை சுட்டால் நீளும் என்பதால் வெட்டும் கருவி தேவை. பிஸ்டலுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. கூடு பளபளக்க வைக்கும் இயந்திரத்தைத் தள்ளிப்போடலாம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாலே போதும். பின்னால் வாங்கும்போது, உலர் தூளில் உருட்டும் வகையில் ஈயம் கலந்த தூசி பறக்கும் என்பதை மனதில் வையுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம், குழந்தைகள் நடமாடும் இடத்திலும் வேண்டாம்.

பவுடர் அல்லது புல்லட் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேடு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அளவை அங்கிருந்து எடுங்கள், தெரிந்தவர் வாயிலிருந்து எடுக்காதீர்கள்.

பெட்டியோடு வரும் செட் லாபமா?

பெரும்பாலும் லாபம்தான். பிரஸ், தராசு, பவுடர் அளவி, புனல், கூடு வாய் சீவும் கருவி எல்லாம் சேர்த்து, தனித்தனியாக வாங்குவதை விடக் குறைவாக வரும். ஆனால் டை செட், ஷெல் ஹோல்டர், காலிப்பர் மூன்றும் பல செட்டுகளில் இருப்பதில்லை. "எல்லாம் உள்ளடங்கியது" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பட்டியலை எண்ணிப் பாருங்கள்.

பழைய பிரஸ் கிடைத்தால்

வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் பழையதாக வாங்க நான் தயங்கவே மாட்டேன். துருவைத் துடைத்துவிடலாம். ராமை (கூட்டை மேலே தூக்கும் தண்டை) மேலே ஏற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதிகமாக ஆடினால் விட்டுவிடுங்கள். சட்டகத்தில் விரிசல் இருக்கிறதா, டை மாட்டும் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டைகளுக்குள் கீறல் இருந்தால் அது ஒவ்வொரு கூட்டிலும் பதியும். பழைய புரோகிரசிவ் என்றால் உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு பேரம் பேசுங்கள். விற்கிறவர் கூடவே சும்மா தரும் திறந்த பவுடர் டப்பாவை மட்டும் வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது லேபிளில் உள்ளதுதானா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.